ஓட்டக்காரன் சோறு

சுவர்க்கடிகாரத்தில் மணி எட்டு. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து டோக்கியோ மணி. பழைய நேரப்படி ஆறரை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

வேலாயுதம் தம்பியின் ஆணிச் சப்பாத்தை மடியில் வைத்துச் சவரக் கத்தியால் பக்கவாட்டில் கிழித்தார். மூன்று விரற்கடை கிழித்துவிட்டு நீட்டினார்.

"இப்பப் போடு."

பக்கிரிசாமி பாதத்தை நுழைத்தான். விரல்கள் போயின. குதிகால் வெளியே நின்றது.

"இன்னும் கொஞ்சம் கிழிங்கண்ணே. இல்லன்னா என் குதிகாலச் செதுக்குங்க."

"வாயக் கொறடா. மூச்சு வீணாப் போவுது."

வள்ளியம்மா அடுப்படி நிலையில் நின்று புருஷனின் காலைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன் கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். இப்போது அது எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"கால் நல்லாக் கொழுத்துருச்சு" என்றார் வேலாயுதம். "போன மாசம் கூட்ஸ் ஷெட் தராசுல நூத்திப் பதினெட்டு பவுண்டு. நேத்து நூத்தி இருபத்தஞ்சு. ஊரே எலும்பும் தோலுமா அலையுது. இவன் ஏழு பவுண்டு ஏறியிருக்கான்."

"கண்ணு வைக்காதீங்க" என்றாள் அவர் மனைவி இராஜம்மா.

ரயில்வே பட்டறையிலிருந்து சயாமுக்குத் தண்டவாளம் போட அனுப்பப்படும் ஆட்களின் பட்டியலில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் இருந்தன. ரயில் புதன்கிழமை. போன முறை போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. ரயில்வே ஓட்டக் குழுவில் இடம் பிடிப்பவன், அவனைப் பழக்குகிறவன் இருவர் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். சிங்கப்பூரில் நவம்பரில் போட்டி. சிங்கப்பூர் என்று சொல்லக் கூடாது; சியோனான். அங்கே ஜெயித்தால் டோக்கியோ என்று பேச்சு. நவம்பர் வரைக்குமாவது யாரும் தொட மாட்டார்கள்.

குழுவில் ஒரே ஓர் இடம்தான். ஆயிரத்து ஐநூறு மீட்டரில் முதலாவதாக வர வேண்டும், அதுவும் நாலு நிமிடம் நாற்பது விநாடிக்குள். இன்று, ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு.

ஜப்பான் சண்டைக்கு முன்பு பக்கிரிசாமி அந்தத் தூரத்தை நாலு பத்தில் ஓடியவன். மூன்று வாரத்துக்கு முன் நாலு இருபத்தைந்து. போன வாரம் நாலு முப்பத்தாறு.

"சோம்பல்" என்றார் வேலாயுதம். காலையில் இரண்டு சுற்று கூட்டினார்.

வேலாயுதமும் ஒரு காலத்தில் ஓடியவர். மலாயாப் போட்டியில் மைல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். அடுத்த ஒலிம்பிக் டோக்கியோவில் என்று முப்பத்தாறாம் ஆண்டு பத்திரிகையில் வந்த செய்தியைக் கத்தரித்துப் பெட்டியில் வைத்திருந்தார். தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. அன்றே அவனைத் திடலுக்குக் கூட்டிப்போனார். அந்த ஒலிம்பிக் நடக்கவில்லை.

"டோக்கியோவுக்கு நாம போவோம்னு அண்ணன் சொன்னாரு" என்று பக்கிரிசாமி எல்லாரிடமும் சொல்வான். "நாம லேட்டாயிட்டோம். அதான் டோக்கியோவே நம்மளத் தேடி வந்துருச்சு."

இரண்டாவது கிழிசலில் குதிகால் இறங்கியது. பக்கிரிசாமி எழுந்து நின்றான். சுவரில் கை வைத்துக்கொண்டான்.

"சரியா இருக்கா?" என்றார் வேலாயுதம்.

"காத்தோட்டமா இருக்கு."

வேலாயுதம் சிரிக்கவில்லை. "சோறு" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

வள்ளியம்மா தட்டை வைத்தாள். வெள்ளைச் சோறு, சீனி, உப்பு. வேறு எதுவும் இல்லை. ஓடுகிறவனுக்குப் பருப்பு ஆகாது, வாயு. கீரை ஆகாது, வயிறு இளகும். மரவள்ளி கனம். கேழ்வரகு சூடு. இவை வேலாயுதத்தின் சட்டங்கள். தீட்டிய சயாம் அரிசி, மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நீர் தெளிந்த பிறகு உலையில் போட்டு, கஞ்சியை ஒட்ட வடிக்க வேண்டும். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த நஜ்முதீன் இப்போது துணி விற்பதில்லை. வள்ளியம்மாவின் நாலு வளையலையும் இராஜம்மாவின் தோட்டையும் வாங்கிக்கொண்டு மூன்று டின் அரிசி கொடுத்தார்.

மற்றவர்கள் வீட்டுக்குப் பின்னால் விளைந்த கேழ்வரகைத் தின்றார்கள். வேலியோர முருங்கைக் கீரையைத் தின்றார்கள். அரிசி கழுவிய தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் உப்புப் போட்டுக் குடித்தார்கள். இராஜம்மாவின் இரண்டு பிள்ளைகளும் பக்கிரிசாமி சாப்பிடும் நேரத்தில் பக்கத்து வீட்டு வீரம்மாவிடம் அனுப்பப்பட்டார்கள். பார்த்தால் அழும்.

பக்கிரிசாமி நாலு வாய் தின்றான். தட்டை நகர்த்தினான்.

"தின்னு" என்றார் வேலாயுதம்.

"எறங்கல அண்ணே."

"உன் பொண்டாட்டியோட வளையலுடா அது. தின்னு."

அவன் தின்றான். வள்ளியம்மா தட்டு காலியாகும் வரை நின்றாள்.

கல்யாணமாகி ஏழு மாதம். நாலு மாதமாக அவள் உள்ளறையில் இராஜம்மாவோடும் பிள்ளைகளோடும் படுத்தாள். ஓடுகிறவன் தனியாகப் படுக்க வேண்டும். அதுவும் சட்டம். காலுக்கு எண்ணெய் தேய்க்க மட்டும் அவளுக்கு அனுமதி. சாயங்காலத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

பன்னிரண்டு நாளுக்கு முன் தேய்க்கும்போது, முழங்காலுக்குக் கீழே அவள் கட்டைவிரல் பதிந்த இடத்தில் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிசைந்த மாவில் விரல் பட்டதுபோல் அது மெல்ல மேடேறியது. வேலாயுதத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் அழுத்திப் பார்த்தார்.

"தண்ணி. வேர்த்தா எறங்கிரும்."

மூன்று நாளாக அவன் உட்கார்ந்தபடி தூங்கினான்.

"படுத்தா மூச்சு முட்டுது வள்ளி. உக்காந்தா ஒன்னும் இல்ல. அண்ணன்கிட்டச் சொல்லாத."

"ஏன்?"

"ஓடாதன்னு சொல்லிட்டாருன்னா?"

அவள் சொல்லவில்லை. புதன்கிழமை ரயிலை நினைத்தாள். ஞாயிறு தாண்டட்டும் என்று நினைத்தாள்.

*

திடலில் ஐந்து பேர் ஓட வந்திருந்தார்கள். ஜப்பானிய ஆபீசர் நாற்காலியில், குடை நிழலில். பக்கத்தில் ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ராதாகிருஷ்ணன் பெயர்ப்பட்டியலோடு நின்றார். ஆபீசர் சொல்வதைத் தமிழில் சொல்வது அவர் வேலை. வள்ளியம்மாவும் இராஜம்மாவும் மழைமரத்தடியில் நின்றார்கள். இராஜம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

பாயிண்ட்ஸ்மேன் நாகையா பக்கிரிசாமியின் காலைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குச் சப்பாத்து இல்லை. விலா எலும்புகளை எண்ணலாம்.

"என்னா பக்கிரி, காலு ரெண்டும் வாழத்தண்டு மாதிரி இருக்கு. எத்தன மாசம்?"

"அஞ்சு. பொறந்தா ஒம் பேருதான் வைப்பேன்."

"வெள்ளச் சோறு லா. எங்க வீட்டுல கேவுரக் களியத் தின்னுட்டு, ஓடுறதா ஒதுங்குறதான்னு தெரியாம வந்து நிக்கிறேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கிரிசாமியும் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

வேலாயுதம் அவன் தோளைப் பிடித்துத் தனியே கூட்டிப்போனார். வள்ளியம்மாவுக்குக் கேட்கும் தூரம்தான்.

"மொதச் சுத்து எழுவத்தஞ்சு. வேகமாப் போயிடாத. நாகையா முன்னால போனா போகட்டும். மூணாவது சுத்துல அவன் செத்துருவான்."

விசில் ஊதினார்கள்.

முதல் சுற்றில் நாகையா முன்னால் போனான். பக்கிரிசாமி மூன்றாவதாக ஓடினான். கிழிந்த சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் வாயைத் திறந்து மூடியது. வேலாயுதம் ஸ்டாப் வாட்சைப் பார்த்துக் கத்தினார். "எழுவத்தி நாலு! நல்லா இருக்கு!"

இரண்டாவது சுற்றில் அவன் இரண்டாவதாக வந்தான். வாய் திறந்திருந்தது. மரத்தடியைக் கடக்கும்போது வள்ளியம்மாவைப் பார்த்தான் என்று அவள் நினைத்தாள். இல்லை. அவன் எதையும் பார்க்கவில்லை.

"மூணாவது சுத்து மூணு நாப்பத்தஞ்சு! டேய், தூங்குறியா! தூக்குடா கால!"

வேலாயுதம் திடலின் உள்ளே இறங்கி அவனோடு சேர்ந்து ஓடினார். ஓடிக்கொண்டே கத்தினார். "சயாமுக்குப் போறியா? அண்ணன சயாமுக்கு அனுப்புறியா? தூக்குடா!"

இராஜம்மா வள்ளியம்மாவின் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. வள்ளியம்மா, "ஓடுங்க" என்றாள். முதலில் மெல்ல. பிறகு அவளும் கத்தினாள். "ஓடுங்க! ஓடுங்க!"

கடைசி வளைவில் நாகையாவின் கால்கள் தடுமாறின. பக்கிரிசாமி அவனைத் தாண்டினான். கோட்டைத் தொட்டபோது முகங்குப்புற விழுந்தான். தலை கோட்டுக்கு அப்பால், கால்கள் இப்பால்.

ஆபீசர் தன் கடிகாரத்தை ராதாகிருஷ்ணனிடம் காட்டினார்.

"நாலு முப்பத்தொம்பது" என்றார் ராதாகிருஷ்ணன்.

வேலாயுதம் கைகளை உயர்த்தினார். இராஜம்மா புல்லில் உட்கார்ந்து அழுதாள். நாகையா நாலு நாற்பத்து மூன்று. அவன் இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்து நின்றான். அவன் பெயரும் புதன்கிழமைப் பட்டியலில் இருந்தது.

பக்கிரிசாமி எழுந்திருக்கவில்லை.

*

பார்சல் தள்ளும் கைவண்டியில் அவனை ஏற்றினார்கள். படுக்க வைத்தபோது மூச்சு நின்றதுபோல் ஆயிற்று. வள்ளியம்மா வண்டியில் ஏறி அவனைத் தன் மார்பில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டாள். உதடு நாவல்பழ நிறம். வாயோரம் நுரை, நுரையில் இளஞ்சிவப்பு.

"எறங்கிரும்" என்றார் வேலாயுதம். "மூச்சுதான். எறங்கிரும். எனக்கும் இப்படி ஆயிருக்கு."

ராதாகிருஷ்ணன் ஓடி வந்தார். "வேலாயுதம், ஆபீசர் பன்னண்டுக்குக் கெளம்பிருவாரு. இன்னைக்கே முத்திர குத்தணும். பழக்குறவன் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்."

வேலாயுதம் வண்டியைப் பார்த்தார்.

"நாளைக்குப் போட முடியாதா?"

"நாளைக்கு லிஸ்ட் மேல போயிரும் லா. அப்புறம் என் கையில இல்ல."

வேலாயுதம் தம்பியின் முகத்தைத் துடைத்தார். "நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வர்றேன்" என்றார். ராதாகிருஷ்ணனோடு எதிர்ப்பக்கம் வேகமாக நடந்தார்.

நாகையாவும் இன்னொருவனும் வண்டியைத் தள்ளினார்கள். இராஜம்மா பக்கத்தில் ஓடி வந்தாள். பாதி வழியில் பக்கிரிசாமி கண்ணைத் திறந்தான்.

"டைம் என்னா?"

"நாலு முப்பத்தொம்பது" என்றாள் வள்ளியம்மா.

அவன் எதையோ யோசித்தான்.

"சப்பாத்தத் தச்சு வைக்கச் சொல்லு" என்றான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டில் இல்லை. பெஞ்சில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார்கள். டாக்டருக்குப் பதில் டிரெஸ்ஸர் சலாவுதீன் வந்தார். நெஞ்சில் குழாயை வைத்தார். சட்டையைத் தூக்கி விலாவுக்குக் கீழே அமுக்கினார். பிறகு குனிந்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்துவிட்டுக் குழியைப் பார்த்தார்.

வள்ளியம்மாவும் அந்தக் குழியைப் பார்த்தாள். அது மேடேறுவதற்குள் பக்கிரிசாமியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

சலாவுதீன் கண் இமையை விலக்கிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து பெஞ்சின் முனையில் உட்கார்ந்து எழுதினார். பெயர். வயது. தொழில்.

"என்னா சாப்பிட்டாரு?"

"ஐயா?"

"ரெண்டு மூணு மாசமா. என்னா சாப்பாடு?"

வள்ளியம்மா சொன்னாள். எத்தனையோ முறை சொல்லக் கேட்டது, தடுமாறாமல் வந்தது. வெள்ளைச் சோறு, இரண்டு வேளை. சீனி. பருப்பு கிடையாது. கீரை கிடையாது. கேழ்வரகு கிடையாது. அரிசியை மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கஞ்சியை ஒட்ட வடித்து.

சலாவுதீனின் பேனா நின்றது.

"கழுவுன தண்ணி?"

"நாங்க குடிச்சோம்."

"கஞ்சி?"

"நாங்கதான் குடிச்சோம். பிள்ளைங்களும்."

நாகையா வெளியே வண்டியருகே நின்றான், அவனுக்குக் கேட்காது. சலாவுதீன் குரலைத் தாழ்த்தினார்.

"இது பெரிபெரிம்மா. அரிசியில உசுரு தவிட்டுலதான் இருக்கு. தீட்டுனா போயிரும். மிச்சம் ஒட்டியிருக்கிறது கழுவுனா போயிரும், வடிச்சா போயிரும். நீங்க கேவுரு தின்னீங்க, கீர தின்னீங்க, அந்தத் தண்ணியக் குடிச்சீங்க. அதான் நிக்கிறீங்க. இவரு வெறும் சக்கையத் தின்னுட்டு ஓடியிருக்காரு. உக்காந்திருந்தாலும் வீங்கியிருக்கும். ஓடுனதுல நெஞ்சு தாங்கல."

"வெள்ளச் சோறுதாங்க போட்டோம்" என்றாள் இராஜம்மா. "வேற ஒன்னும் குடுக்கல. வெள்ளச் சோறு."

"அதான்மா."

"எங்க பிள்ளைங்க வாயிலேர்ந்து புடுங்கிப் போட்டோம்."

சலாவுதீன் புத்தகத்தை மூடினார். "அடுத்த ஆள் வந்துட்டாங்க. பெஞ்சு வேணும். வண்டி இருக்கா?"

*

திரும்பும்போது அவனைப் படுக்க வைக்க முடிந்தது. வள்ளியம்மா நடந்தாள். சப்பாத்துகளைக் கையில் வைத்திருந்தாள். பாலத்தருகே இராஜம்மா அவளைப் பின்னுக்கு இழுத்தாள்.

"வள்ளி, டிரெஸ்ஸர் சொன்னத அவருகிட்டச் சொல்லாத."

வள்ளியம்மா நடந்தாள்.

"ஏழு வருசமா அவனத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவரு. நீங்கதான் கொன்னீங்கன்னு சொன்னா தண்டவாளத்துல போய்ப் படுத்துருவாரு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஓடுனான், நெஞ்சு அடச்சுப் போச்சு. அவ்ளோதான். சரியா?"

"கழுவுனது நானு."

"யாரு கழுவுனா என்னா. சொல்லாதடி. உன் கால்ல விழுறேன்."

வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் வேலாயுதம் வந்தார். ஓடி வந்திருந்தார். கையில் காகிதம். கூட்டத்தைப் பார்த்தார். நடையைக் குறைத்தார். வண்டி அருகே வந்து நின்றார். தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

காகிதத்தை விரித்துக் காட்டினார். சிவப்பு முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது.

"முத்திர குத்திட்டாருடா" என்றார். "ரெண்டு பேருக்கும்."

*

மழை வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். மதியம் மூன்று மணி. டோக்கியோ மணியா பழைய மணியா என்று யாரும் கேட்கவில்லை.

குளிப்பாட்டத் தூக்கிய ஆண்கள் மூச்சு வாங்கினார்கள்.

"என்னா கனம். சாப்பிட்ட உடம்புய்யா."

"நம்மளத் தூக்கினா ஒரு ஆள் போதும்."

"ஒரு ஆள் எதுக்கு? காத்தே போதும்."

யாரோ அடக்கிச் சிரித்தார். யாரோ அதட்டினார்.

தண்ணீர் ஊற்றியபோது, பிடித்துத் தூக்கிய விரல்களின் தடங்கள் அவன் கால்களில் இருந்தன. கெண்டைக்காலில் நாலு குழி, எதிர்ப்பக்கம் ஒன்று. அவை மேடேறவே இல்லை. வள்ளியம்மா வேட்டியை இழுத்து மூடினாள்.

வாய்க்கரிசிக்கு அரிசி கேட்டார்கள். தெருவில் ரேஷன் அரிசிகூட இல்லை, வியாழக்கிழமைதான் வரும். இராஜம்மா உள்ளே போய் மூன்றாவது டின்னைத் திறந்து, ஒரு முறம் சயாம் அரிசி கொண்டு வந்தாள். தீட்டிய வெள்ளை. முற்றத்தில் பேச்சு நின்றது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

வரிசையாக வந்தார்கள். முதலில் வேலாயுதம். நெஞ்சில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது, கழற்ற மறந்திருந்தார். குனிந்தபோது அது தம்பியின் தாடையில் இடித்தது. மூன்று முறை போட்டார். பிறகு உறவுகள், பட்டறை ஆட்கள், பெண்கள். பக்கத்து வீட்டு வீரம்மா கை நிறைய அள்ளினாள். அவன் வாயருகே கையைக் கொண்டுபோய் நாலைந்து மணிகளை உதிர்த்தாள். மூடிய கையோடு நகர்ந்து, மிச்சத்தை முந்தானை முனையில் முடிந்தாள். வள்ளியம்மா அதைப் பார்த்தாள். வீரம்மாவும் அவள் பார்த்ததைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, முடிச்சை இறுக்கினாள்.

அடுத்து வந்தவளும் கை நிறைய அள்ளினாள்.

"போடும்மா" என்றார்கள் வள்ளியம்மாவிடம். "கடைசியா ஒரு வாய் போடு."

அவள் அரிசியை எடுத்தாள். கையில் வழுவழுவென்று இருந்தது. அவன் வாய் நிறைந்திருந்தது. உதட்டிலிருந்து கழுத்துக்கும் காதுக்கும் வழிந்திருந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து, அவன் முகத்துக்கு மேலே கொண்டுபோய் விரல்களைப் பிரித்தார்கள்.

*

நாகையா மூங்கிலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோது ராதாகிருஷ்ணன் வந்தார். தொப்பியைக் கழற்றினார். பிணத்தைக் கும்பிட்டார். வேலாயுதத்தைத் தூண் பக்கம் கூப்பிட்டார். வள்ளியம்மா அந்தத் தூணில்தான் சாய்ந்திருந்தாள், பக்கத்தில் இராஜம்மா.

"ஆபீசருக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு. மறைக்க முடியாது வேலாயுதம்."

"என்னா சொன்னாரு?"

"ஓடுறவன் இல்லாம பழக்குறவன் எதுக்குன்னு கேட்டாரு." ராதாகிருஷ்ணன் தொப்பியைத் திருப்பினார். "நான் கெஞ்சிப் பாத்தேன். செவ்வாக்கெழம காலையில இன்னொரு ஓட்டம் வைக்கிறேன்னாரு. எவனாவது நாலு நாப்பதுக்குள்ள ஓடுனா அந்த எடம் அவனுக்கு. நீங்க அவனக் கூட்டிட்டு வந்தா, பழக்குறவன் நீங்கதான். இல்லன்னா புதன்கெழம."

இராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலாயுதம் பாடையைப் பார்த்தார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்ட நாகையாவைப் பார்த்தார். அவன் தோளை, தொடையை, வெறும் பாதங்களை. வள்ளியம்மா அந்தப் பார்வையை அறிவாள். தராசில் ஏற்றுவதற்கு முன் பார்க்கும் பார்வை.

"நாகையா."

"அண்ணே."

"இன்னைக்கு நாலு நாப்பத்தி மூணு."

நாகையா கயிற்றை விட்டான். "அண்ணே, பொணத்த வச்சிக்கிட்டு..."

"மூணு விநாடி. கடைசி வளைவுல நீ அகலமாப் போன. உள்பக்கம் ஒட்டி ஓடியிருந்தா அதுலயே ரெண்டு விநாடி. மிச்சம் ஒரு விநாடி வயித்துலதான் இருக்கு."

நாகையாவின் மனைவி கூட்டத்தில் நின்றாள், இடுப்பில் கைப்பிள்ளையோடு. அவளைப் பார்த்தான்.

"நவம்பர் வரைக்கும் நீ எங்க வீட்டுல சாப்பிடு" என்றார் வேலாயுதம். "கேவுரெல்லாம் வேணாம். வெள்ளச் சோறு. மூணு தண்ணியில கழுவி, சுத்தமா வடிச்சு."

"எனக்கா?"

"உனக்கு மட்டும்."

நாகையா கையை வேட்டியில் துடைத்தான். முறத்தில் மிஞ்சியிருந்த அரிசியைப் பார்த்தான். எச்சில் விழுங்கியபோது அவன் தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது.

"எத்தன நேரம்ண்ணே?"

"ரெண்டு நேரம். இன்னைக்குச் சாயங்காலத்திலேர்ந்தே."

அவன் மனைவி பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். வேலாயுதத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வள்ளியம்மாவின் முழங்கையில் இராஜம்மாவின் கை வந்து விழுந்தது. இறுக்கிப் பிடிக்கவில்லை. சும்மா இருந்தது. சூடாக இருந்தது.

வேலாயுதம் திரும்பினார். அவர் கண்கள் அழுது சிவந்திருந்தன. குரல் மட்டும் எப்போதும்போல இருந்தது.

"வள்ளி, அந்த டின்னுல இன்னும் எவ்ளோம்மா இருக்கு?"